பிடி, ஆத்தா!

கம்பம் ஜீப் ஸ்டாண்டில், டீக்கடைக்கு மேலே, என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று நான்கு வருடமாகத் தொங்கியது. முகம் என்னுடையதுதான். ஆனால் கையில் சூலம், முதுகுக்குப் பின்னால் பறக்கிற சிவப்புத் துணி, காலடியில் நாய்க்குட்டி மாதிரி ஒரு ஜீப். மேலே ‘கம்பம் கண்ட சூப்பர் ஆத்தா’ என்று எழுதியிருக்கும். கீழே கைகூப்பியபடி விஜயபாண்டி, ஆறு ஜீப்புக்கு ஓனர். ஃப்ளெக்ஸ் அடித்தவன் அவன். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஊருக்குள் இப்போது வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் ராமுத்தாய். சுருளிப்பட்டி. வயது நாற்பத்தொன்று. கேரளா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகளில் ஒருத்தியாகப் பதினாறு வருடம் இருந்தேன். விடியும் முன்னே ஜீப் ஏறுவோம், மெட்டு ரோட்டில் சுற்றிச் சுற்றி மேலே போவோம், பொழுது சாய இறங்குவோம். ஒன்பது பேர் உட்காருகிற ஜீப்பில் பதினான்கு பேர். ஒருத்தி மடியில் இன்னொருத்தி தூக்குவாளி, அவள் தோளில் இன்னொருத்தி தலை.

இறங்கும்போது பாதி மலையில் கருப்பசாமி கோவில் வரும். கோவில் என்றால் ஒரு கல், ஒரு அரிவாள், ஒரு வேப்பமரம். அதைத் தாண்டியதும் ரோடு செங்குத்தாகச் சரிந்து, முந்நூறடி தள்ளி வலது பக்கம் முறுக்கித் திரும்பும். இடது பக்கம் பள்ளம். அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கருப்பு முன்னால் யாரும் உட்கார்ந்தபடி கடக்கக் கூடாது. டிரைவர் வண்டியை நிறுத்துவார். எல்லோரும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வளைவு முடியும்வரை நடப்போம். டிரைவர் ஒரு கேன் தண்ணீரில் கொஞ்சம் கருப்புக்கு ஊற்றுவார், மீதியைச் சூடேறிக் கிடக்கிற சக்கரங்களுக்கு ஊற்றுவார். விபூதி பூசிக்கொண்டு வெறும் வண்டியை முதல் கியரில் இறக்குவார். கீழே போய் நாங்கள் ஏறிக்கொள்வோம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து போனால் கருப்பு கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மழையில் அது நடந்தது. அப்போது விஜயபாண்டியிடம் ஒரே ஒரு பழைய ஜீப்தான் இருந்தது. அவனே ஓட்டுவான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். பயந்த சுபாவம். சாமிக்குப் பயப்படுவான், செக்போஸ்ட்டுக்குப் பயப்படுவான், பொண்டாட்டிக்கு இன்னும் அதிகமாகப் பயப்படுவான். அன்றைக்கும் ஒழுங்காகத்தான் நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் இறங்கினோம், மூக்கம்மாள் மட்டும் இறங்கவில்லை.

“எனக்கு முட்டி வலி. கருப்பு என்னைய மன்னிப்பாரு, நீங்க நடங்கடி” என்று சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் வளைவை நெருங்கும்போது பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. “அக்கா தள்ளிக்கங்க! பிரேக்கு நிக்கல, தள்ளிக்கங்க!” என்று விஜயபாண்டி கத்தினான். ஜீப் என்னைத் தாண்டிப் போனது. உள்ளே மூக்கம்மாளின் முகம். நான் எட்டி ஜீப்பின் பின்பக்கக் கம்பியைப் பிடித்தேன். என்ன நினைத்துப் பிடித்தேன் என்று ஆயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. கிணற்றுப் பக்கம் ஓடுகிற பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இழுப்போமே, அப்படித்தான் பிடித்தேன். ஜீப் நின்றுவிட்டது. என் பாதம் இரண்டும் தார் ரோட்டை உழுதிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டருக்கும் தெரியவில்லை, உடுக்கை அடித்துப் பார்த்த கோடாங்கிக்கும் தெரியவில்லை. வந்தது, இருந்தது.

ஊருக்குள் கதை வேறு மாதிரி இறங்கியது. பதினான்கு பேரைக் காப்பாற்றினாள் என்றார்கள். நான் காப்பாற்றியது இரண்டு பேரை. மீதிப் பன்னிரண்டு பேரைக் காப்பாற்றியது அவர்கள் சொந்தக் கால். இறங்கி நடந்ததால் பிழைத்தார்கள். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நான் சொல்லவில்லை. மறுநாள் மெக்கானிக் சூரியபிரகாஷ் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பிரேக் லைனிங் தேஞ்சு இரும்போட இரும்பு உரசுது. போன மாசமே மாத்தச் சொன்னேன், கேட்டானா?” என்று என் காதுபடத்தான் சொன்னார். மூக்கம்மாள் செத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், கேஸ் ஆகியிருக்கும், விஜயபாண்டியின் லைசென்ஸ் போயிருக்கும். யாரும் சாகவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. “விடுங்கண்ணே, பொழச்சு வந்துட்டான்ல” என்று சொன்னவள் நான்தான்.

விஜயபாண்டி ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க என் காலில் விழுந்தான். “இனி அக்கா இல்ல. நீ ஆத்தா” என்றான். அன்றோடு அக்கா போயிற்று. கண்டவன் நிண்டவன் எல்லாம் ஆத்தா என்றான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மூக்கம்மாள்கூட “ஆத்தா வந்தாக, ஆத்தா சொன்னாக” என்று பேச ஆரம்பித்தாள்.

எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பதினாறு வருடம் கங்காணியிடம் ‘ஏய்’ என்று பெயர் வாங்கியவளுக்கு டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். காலேஜ் பிள்ளைகள் எனக்குச் சிவப்புத் துணி வரைந்து பாட்டுப் போட்டு ரீல்ஸ் விட்டார்கள். சின்னமனூரிலிருந்து ஒரு யூடியூப் பெண் மைக்கோடு வந்தாள். “ஒவ்வொரு சூப்பர் ஹீரோவுக்கும் ஒரு வில்லன் இருப்பாங்க மேடம். உங்க வில்லன் யாரு?” என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, “எனக்கு வில்லனெல்லாம் இல்ல பாப்பா, இந்த வளைவுதான்” என்றேன். அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இப்போது நினைத்தால் அந்த மைக்காலேயே என் மண்டையில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

“ஆத்தா காய் எடுக்கப் போனா எங்களுக்குத்தான் பாவம்” என்று விஜயபாண்டி வளைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் கொண்டுவந்து போட்டான். மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை, ஜீப்புகள் இறங்குகிற நேரம் நான் அங்கே உட்கார வேண்டும். ஏலக்காட்டுக் கூலியை அவனே தந்துவிடுவான். நானும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் முட்டி வலிக்காரிகள் இறங்காமல் வந்தார்கள். பிறகு மழை நாளில் யாரும் இறங்கவில்லை. பிறகு, சுருளிப்பட்டி பஸ் போய்விடும் என்று ஒரு ஜீப் நிற்கவே இல்லை. வருடம் திரும்புவதற்குள் கருப்பு முன்னால் ஒரு வண்டியும் நிற்பதில்லை. கோவிலைத் தாண்டும்போது இரண்டு தரம் ஹாரன் அடிப்பார்கள், பாம் பாம் என்று. அது கருப்புக்கு இல்லை, கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கு. ‘வர்றோம், பிடி’ என்று அர்த்தம். தண்ணீர்க் கேன் போயிற்று, அந்த இடத்திலும் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். பதினான்கு பதினேழாகி, பத்தொன்பது ஆனது. கருப்பின் அரிவாள் துருப்பிடித்தது. அவருடைய வேப்பமரத்திலும் என் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து தூக்குவாளியில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாசியில், பிரேக் நிற்காமல் வந்த பதினொன்றாவது ஜீப்பைப் பிடித்தேன். விஜயபாண்டிதான் ஓட்டி வந்தான். ஆறு ஜீப் ஆன பிறகும் முதல் டிரிப்பை அவனேதான் ஓட்டுவான், ராசியாம். பாம் பாம் கேட்டது, எழுந்தேன், கம்பியைப் பிடித்தேன். கை நழுவியது.

நான்கு வருடத்தில் அதுவரை நழுவியதில்லை. விரல்கள் வழுக்கிப் பிரிந்தன. ஜீப் என்னை நாலடி இழுத்துக்கொண்டு போனது. இடது பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் சுற்றியது. நான் அடிச்சட்டத்துக்குக் கீழே வலது தோளைக் கொடுத்து முட்டினேன். தோளுக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்டது. கண் இருட்டியது. எப்படியோ தூக்கி ரோட்டில் வைத்துவிட்டேன்.

ஜீப்புக்குள் இருந்த பத்தொன்பது பேரும் கை தட்டினார்கள். செல்போனில் எடுத்துக்கொண்டே கை தட்டினார்கள்! சாவு ஒரு சாண் தூரத்தில் வந்து போயிருக்கிறது, இவர்களுக்கு அது சுருளித் திருவிழாவில் ராட்டினம் ஆடியது போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜீப்பை நானே உருட்டிவிட்டிருப்பேன்.

“ஏய், என் கை நழுவிருச்சுடி. தெரியுதா? கை நழுவிருச்சு. அடுத்த தடவ நிக்காது. நாளைலருந்து இறங்கி நடங்க” என்று கத்தினேன்.

அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா கோவமா இருக்காக. நம்ம என்னமோ குறை வச்சிட்டோம்” என்றாள்.

மறு வெள்ளிக்கிழமை வளைவில் பொங்கல் வைத்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கிழிந்த தோளில் மஞ்சள் பூசி, குலவை போட்டார்கள். நான் அழுதேன். அதற்கும் குலவை போட்டார்கள். தோளுக்கு ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருந்தால்கூட மனுசியாக மதித்தார்கள் என்று இருந்திருக்கும்.

வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இடது கையால் மட்டும் ஜீப்பைப் பிடிக்க முடியுமா என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: என்றைக்கோ ஒருநாள் பாம் பாம் என்று ஹாரன் கேட்கும், நான் பிடிப்பேன், நிற்காது, பத்தொன்பது பொம்பளைகள் பள்ளத்தில் கிடப்பார்கள். அது நாளைக்காக இருக்கலாம். சரி, என் கை வேண்டாம், பிரேக்காவது நிற்கட்டும், நானே லைனிங் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று கம்பம் மெயின் ரோட்டில் ஜெபஷீலா அம்மாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

ஜெபஷீலா அம்மாவுக்கு அறுபது இருக்கும். அப்பா காலத்துக் கடை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். சர்ச்சுக்குப் போகிறவர், அவரிடம் ஆத்தா கீத்தா எல்லாம் நடக்காது.

“ஜீப்புக்குப் பிரேக் லைனிங் வேணும்மா, ஒரு செட்டு” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

“இது எப்ப வந்த சரக்கு தெரியுமா ராமுத்தாயி? நீ மொத ஜீப்பப் பிடிச்ச வருசம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி மாசம் ஒரு பெட்டி போகும். இப்ப உங்க மெட்டு ரோட்டு ஜீப்புக்காரக ஒருத்தரும் லைனிங் கேட்டு வாரதில்ல. போடி ரோட்டுக்காரகதான் வாராக. அங்கன பிடிக்க ஆளு இல்லைல்ல.”

நான் பெட்டி மேலிருந்த தூசியைப் பார்த்தேன்.

“நான் சின்னப்புள்ளைலருந்து இந்தக் கடைல இருக்கேன். அந்த வளைவுல எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு வண்டிதான் ஓடி விழுந்திருக்கு. அதுவும் கரும்பு லாரி. நீ நாலு வருசத்துல எத்தன பிடிச்ச?”

“பதினொண்ணு.”

“பதினொண்ணு” என்று அவரும் சொன்னார். பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டாவது தேற்றிக்கொண்டிருப்பேன்.

கடையிலிருந்து ஸ்டாண்டுக்கு நடக்கும்போது யூடியூப் பெண்ணின் கேள்வி காதில் கேட்டது. உங்க வில்லன் யாரு மேடம்? நான் வளைவைக் காட்டினேனே! வளைவு பாவம், அது பாட்டுக்குக் கிடந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். நாற்காலி போட்டு அதற்குக் காவலும் இருந்திருக்கிறேன். பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தன் பயத்தை என் இரண்டு கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, தைரியம் கொடுத்ததாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

விஜயபாண்டி அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே டீ குடித்துக்கொண்டிருந்தான். பெட்டியை அவன் முன்னால் பெஞ்சில் வைத்தேன்.

“இத மாட்டு. எல்லா வண்டிக்கும் வாங்கி மாட்டு. ஒம்போது பேருக்கு மேல ஏத்தாத. கருப்புகிட்ட நிறுத்து.”

அவன் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். கிண்டல் இல்லை, உண்மையான பாசத்தோடு சிரித்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“நீ இருக்கறப்ப இது எதுக்கு ஆத்தா?”

“ஏலே, என் தோளு கிழிஞ்சு போச்சுடா. கை தூக்க முடியல.”

“தெரியும் ஆத்தா. அதுக்குத்தான் குச்சனூர் கோயில்ல வேண்டியிருக்கேன். வெள்ளில கை செஞ்சு சாத்தறேன். ஆர்டர் கொடுத்தாச்சு.”

“வெள்ளிக் கை வந்து ஜீப்பப் பிடிக்குமாடா?”

“கோவப்படாத ஆத்தா. நீ பிடிப்பங்கற தைரியத்துலதான நான் ஆறு வண்டி எடுத்தேன்? நீ பிடிக்கமாட்டன்னா நான் ஏன் இப்படி ஓட்டப் போறேன்?”

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். ரொம்ப நியாயமாகப் பேசிவிட்டது போல முகம். நான் பெட்டியை எடுத்து அவன் மூஞ்சியில் எறியவில்லை. எறிந்திருந்தால் ‘ஆத்தா அருள் வாக்கு’ என்று அதையும் பிரேம் போட்டு மாட்டியிருப்பான். அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று முழுக்க அவன் சொன்னது மண்டைக்குள் சுற்றியது. நான் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டில் படுத்துக்கொண்டால், நான் இருக்கிறேன் என்று நினைத்து பாம் பாம் அடித்துக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குள் போவார்கள். போனாலும் சாவு, போகாவிட்டாலும் சாவு. என் கை நழுவுகிறது என்று சொன்னால் அதற்கும் பொங்கல் வைக்கிறார்கள்.

மறுநாள் நாற்காலிக்குப் போகவில்லை. மேலே ஏறி, கருப்பு கோவில் முன்னால், நடு ரோட்டில் நின்றேன். அங்கே ரோடு சமம், ஜீப் மெதுவாகத்தான் வரும். நாலே காலுக்கு விஜயபாண்டியின் ஜீப் வந்தது. இடது கையை பானட்டில் ஊன்றி, இடுப்பையும் கொடுத்து முட்டி நிறுத்தினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான், சக்கரம் அதே இடத்தில் சுற்றிப் புகைந்தது. பிறகு விட்டுவிட்டான்.

“எல்லாரும் இறங்குங்க. செருப்பக் கழட்டிட்டு நடங்க” என்றேன்.

“என்ன ஆத்தா இது? காலையிலருந்து நின்னுக்கிட்டே காய் எடுத்திருக்கோம், காலு கடுக்குது” என்றாள் ஒருத்தி.

“பஸ்ஸு போயிரும்!” என்றாள் இன்னொருத்தி.

“போகட்டும். இறங்கு.”

நான் ஒவ்வொருத்தியையும் முறைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மூக்கம்மாள் மட்டும் நான்கு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு முட்டி…”

“முட்டியா?” இடது கையால் அவளை இடுப்போடு தூக்கிக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினேன். “அன்னிக்கு நீ இறங்கியிருந்தா நான் இந்தக் கதிக்கு வந்திருக்கமாட்டேன்டி.”

அவள் முகம் கறுத்துவிட்டது. “ஆத்தான்னு கும்பிட்டோம் பாரு, எங்களச் சொல்லணும். நீ நல்லாருப்பியாடி?” என்றாள். நான்கு வருடத்தில் அவள் என்னை ‘டி’ போட்டது அன்றுதான். காதுக்கு இதமாக இருந்தது, உண்மையாகவே.

“நீயும் இறங்குலே. வண்டிய இங்கனயே போட்டுட்டு வா” என்று விஜயபாண்டியிடம் சொன்னேன்.

“வண்டிய விட்டுட்டு எப்படி வாரது? நீ கீழ போயி நில்லு ஆத்தா, நான் வாரேன்” என்றான். அப்போதும் சிரிப்புதான்.

பத்தொன்பது பேரும் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் வளைவைத் தாண்டும்வரை அவன் மேலே காத்திருந்தான். நான் நாற்காலிக்குப் பக்கத்தில், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். மேலே பார்த்தேன். பாம் பாம் என்று ஹாரன் கேட்டது.

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

வலது கை வலித்தது. இடது கையால் அதை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அவன் மூன்றாவது கியரில் வந்துகொண்டிருந்தான், சத்தத்திலேயே தெரிந்தது. பாதிச் சரிவில் என்னைப் பார்த்தான். முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் பாம் பாம் அடித்தான். நான் அசையவில்லை. பிரேக்கை மிதித்திருப்பான் போல, தோள் முன்னால் போனது, வண்டி குறையவில்லை.

“பிடி ஆத்தா! பிடி!”

நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். நான்கு வருடமாகக் காணாமல் போயிருந்த பயம் அங்கே வந்து உட்கார்ந்தது.

“அக்கா!” என்று அலறினான். “அக்கா! ராமுத்தாயக்கா!”

பிறகு நான் பார்த்தது எல்லாம் அந்தப் பழைய விஜயபாண்டி. கியரை அடித்து இறக்கினான், எஞ்சின் அடிவயிற்றிலிருந்து கதறியது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தான். ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை மலைப்பக்கம் சாய்த்தான். பாறையில் உரசி, பொறி பறக்க, முப்பதடி தேய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜீப் நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இருந்தது.

எந்த டிரைவருக்கும் தெரிந்த வேலைதான் அது. அவனுக்கும் தெரியும். நான் இருந்ததால் மறந்திருந்தான்.

விஜயபாண்டிக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிர் போகவில்லை. அவனை வெளியே இழுத்துப் போட்டதும் நான்தான், இடது கையால். அவன் நடுங்கிக்கொண்டே, “ஏன்க்கா? ஏன் பிடிக்கல?” என்று மறுபடி மறுபடி கேட்டான்.

அவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கையைக் கட்டினேனா, அவன் மேல் இருந்த ஆத்திரத்தில் கட்டினேனா? அக்கா என்று அவன் கூப்பிட்டதும் என் கை அவிழ்ந்தது உண்மை. ஆனால் அது அவிழ்வதற்குள் ஜீப் பாறையில் மோதியிருந்தது. அவன் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால் நான் எட்டிப் பிடித்திருப்பேனா, பிடித்தாலும் நின்றிருக்குமா என்று எனக்கே தெரியாது. கருப்பைக் கேட்டேன், அவரும் சொல்லவில்லை.

வளைவுக்குக் கீழே நின்ற பொம்பளைகளில் ஒருத்தி செல்போனில் எடுத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் கம்பம், சின்னமனூர், தேனி எல்லாம் பார்த்துவிட்டது. ஜீப் ஓடி வருகிறது, சூப்பர் ஆத்தா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள். அரக்கி என்றார்கள். கொலைகாரி என்றார்கள். காசு தகராறு, கள்ளத் தொடர்பு என்று வாய்க்கு வந்ததெல்லாம் எழுதினார்கள். ஸ்டாண்டில் என் ஃப்ளெக்ஸைச் செருப்பால் அடித்துக் கிழித்தார்கள். இந்தத் தரம் அடிபட்ட கால் இருந்ததால் போலீஸ் வந்தது, ஜீப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், விஜயபாண்டி மேல் கேஸ் ஆனது. நான்கு வருடம் பிந்தி ஆனது.

மறு வாரம் ஜெபஷீலா அம்மா கடைப் பக்கம் போனேன். மேல்தட்டு காலியாக இருந்தது. “மதுரைக்குச் சொல்லியிருக்கேன், நாளைக்கு இன்னும் நாலு பெட்டி வருது” என்றார். எனக்கு ஒரு டீ வரவழைத்தார். டீ கொண்டுவந்தவன் என் பக்கம் பார்க்காமல் கிளாஸை வைத்துவிட்டுப் போனான்.

இப்போதும் தினமும் மூன்று மணிக்கு நான் மேலே போய்விடுகிறேன். நாற்காலி இல்லை, கருப்பு பக்கத்தில் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கட்டாமல் தொங்கவிட்டால் வலது கை வலிக்கிறது. தோள் இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர்க் குடத்தைக்கூட இடது இடுப்பில்தான் தூக்குகிறேன். அது யாருக்கும் தெரியாது. முன்னே சொன்னபோது நம்பவில்லை, இப்போது நான் சொல்லப் போவதில்லை. பிடிக்க முடிந்தும் பிடிக்காதவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

ஜீப்புகள் என்னைப் பார்த்ததும் நின்றுவிடுகின்றன. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. டிரைவர்கள் தண்ணீர்க் கேனோடு இறங்குகிறார்கள், கருப்புக்குக் கொஞ்சம், சக்கரத்துக்கு மீதி. பொம்பளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். என்னைத் தாண்டும்போது காறித் துப்புகிறவர்கள் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம், “அந்தா நிக்கிறா பாரு, அவ கண்ணுல படாம நட, உருட்டி விட்டுருவா” என்று சொல்லிக் கூட்டிப் போகிறார்கள்.

நேற்று மூக்கம்மாள் கம்பு ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்தாள். என் முன்னால் நின்று, மூச்சு வாங்க, என் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். முட்டி வலிக்கிற பொம்பளையை இந்தச் சரிவில் நடக்க விடுகிற பாவி எந்தக் காலத்திலும் உருப்பட மாட்டாள் என்றாள். அவளுக்குப் பின்னால் ஜீப் காத்துக்கொண்டு நின்றது.

“திட்டுடி, நல்லாத் திட்டு” என்றேன். “நடந்துக்கிட்டே திட்டு.”